தணல்வாத்து

குவியலுக்குள் கையைவிட்டு அடுத்த வாத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்தபோதே கனம் போதவில்லை என்று தெரிந்தது. நாங்கள் வழக்கமாகச் சுடும் ராஜவாத்து என்றால் இழுக்கும்போது மணிக்கட்டு ஒருதரம் பிசகப் பார்க்கும். இது சட்டென்று கையோடு வந்தது. ஏதோ நோஞ்சான் பெட்டை என்று நினைத்து மடியில் போட்டுப் பார்த்தேன். வெள்ளைத் தலை. கண்ணைச் சுற்றி மை பூசியதுபோல் கறுப்பு. பிடரியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பச்சைக் கொண்டை. வயிறு மட்டும் கருகச் சுட்ட ரொட்டி நிறம். எங்கள் பேச்சில் இந்தப் பறவையின் பெயருக்கு அடுப்பருகே உட்கார்ந்து எழுந்தது என்று அர்த்தம். தணல்வாத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுடக் கூடாது. வைத்திருக்கக் கூடாது. செத்துக் கிடந்தால்கூட எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது. அது என் மடியில் கிடந்தது.

எதிரில் என் அண்ணி பெர்த்தா, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, வாயும் கையும் ஓயாமல் இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். நவம்பரில் நன்றித் திருநாளன்று தேவாலயத்தில் ஊருக்கே வாத்து சூப் ஊற்றவேண்டும்; அதற்கு ஜூலையிலேயே பிடுங்கிச் சுத்தம் செய்து உறைபெட்டியில் அடுக்கிவிடுவது எங்கள் வழக்கம். அன்று காலை அண்ணன் லூதர் கொண்டுவந்து கொட்டிய குவியல் அது.

"என்னடி, உக்காந்தபடியே தூங்குறியா?" என்றாள் அண்ணி. "நீ பிடுங்குற வேகத்துக்கு வாத்துங்களே வெக்கப்பட்டு தானா அம்மணமாயிடும்."

"ஒரு இறகு மூக்குல போயிடுச்சு அண்ணி" என்றேன். பக்கத்தில் இருந்த இறகுச் சாக்கின் அடியில் அதைத் திணித்து, மேலே இரண்டு கை இறகை அள்ளிப் போட்டேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், நான் பறவை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். வாரத்தில் மூன்று நாள் படம் போட்ட அட்டையை எடுத்துக்கொண்டு வேட்டைக் கொட்டகைகளுக்குப் போய், யார் என்ன சுட்டார்கள் என்று கேட்டு எழுதுவேன். எந்த வாத்தைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது என்று காட்டுவேன். ஈயக் குண்டு போடாதே, இரும்புக் குண்டு போடு என்பேன். ஊரில் எனக்கு வாத்துப் போலீஸ் என்று பெயர். "ஏ, போலீஸ் வருதுடா, வாத்தையெல்லாம் பேண்ட்டுக்குள்ள போடு" என்று கத்துவார்கள். நானும் விடமாட்டேன், "போடு போடு, உன் பொண்டாட்டிக்காவது சிரிப்பு வரட்டும்" என்பேன். அதெல்லாம் விளையாட்டு. என் அண்ணன் வீட்டுக் குவியலில் இருந்து ஒரு தணல்வாத்தை என் கையாலேயே எடுப்பேன் என்று யார் கண்டது.

அண்ணன் சுட்டது என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. வேறு யார் என்றாலும் திட்டியிருப்பேன், அழுதிருக்கமாட்டேன். எங்கள் அப்பா காலத்தில் கோடையில் வாத்து சுடுவதே குற்றம். தெற்கே இருக்கிறவர்கள் இலையுதிர்காலத்தில் சுடுவதற்குத் தோதாக எழுதிய சட்டம் அது. அதற்குள் வாத்தெல்லாம் தெற்கே பறந்துவிடும்; வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அப்போது வாத்துக்கு எங்கே போவது? எங்கள் ஆள் இரண்டு பேரைப் பிடித்தபோது, ஊரிலிருந்த ஆண்கள் நூற்றுச் சொச்சம் பேர் ஆளுக்கொரு வாத்தைத் தூக்கிக்கொண்டு அதிகாரி தங்கியிருந்த இடத்துக்குப் போய், எங்களையும் பிடி என்று நின்றார்கள். அந்த வரிசையில் அப்பாவும் நின்றார். அதன்பிறகு எத்தனையோ வருடம் இழுத்து, சட்டம் மாறி, கோடை வேட்டை எங்களுக்குத் திறந்தது. திறந்த கையோடு இந்தத் தணல்வாத்து அருகிப்போகிறது என்று பட்டியலில் ஏறியது. அது முட்டையிட இந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஈரநிலம்தான். சுட்டுச் சாகிறது என்று தெரிந்தால் எங்கள் வட்டாரத்துக்கே வேட்டையை மூடிவிட அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு.

அரசாங்கமும் ஊர்களும் சேர்ந்து உட்காரும் சபையில் எங்கள் ஊருக்காகப் பேசப்போனது லூதர் அண்ணன். பன்னிரண்டு வருடம் இருக்கும். கோட்டுப் போட்டவர்கள் மத்தியில், தேவாலயத்துக்குப் போடும் சட்டையோடு எழுந்து நின்று, "அதை நாங்க தின்னுறது இல்ல. பறக்குறப்பவே எங்களுக்கு அது எதுன்னு தெரியும். எங்க ஊர்ல எவன் துப்பாக்கியில அது விழுந்தாலும் அவனே கொண்டாந்து உங்க மேசையில வைப்பான். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அந்தப் பேச்சை அவர் படத்தோடு சுவரொட்டியாக அச்சடித்தார்கள். என் அலுவலகத்திலேயே மூன்று ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டுதான் காபி குடிக்கிறேன்.

"இறகைக் கொட்டிட்டு வர்றேன் அண்ணி" என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அண்ணி தலை நிமிரவில்லை.

அண்ணன் படகுக் கொட்டகையில் இருந்தார். செப்டம்பர் திமிங்கில வேட்டைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனாலும் அவர் கிடைத்த நேரமெல்லாம் அங்கேதான் கிடப்பார். படகின் முனையில் நின்று எறியீட்டியை எறிகிறவர் அவர்தான். முப்பத்தோரு வருடமாக அந்த இடம் அவருடையது. முக்காலியில் உட்கார்ந்து ஈட்டியின் முனையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். ராவுவதும், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பதும், மறுபடி ராவுவதுமாக இருந்தார். கண் எதிரே சுவரில் தொங்கிய கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரு, ஐடாவா? கதவைச் சாத்து. கொசு மொய்க்குது."

"காலைல எத்தனை சுட்டே அண்ணே?"

"வாத்துப் போலீஸ் வந்தாச்சா? எழுதிக்கோ. இருபத்திரண்டு. பனி இறங்கியிருந்துச்சு. எவனும் வரலை. நான் மட்டும் கடைசிக் கொட்டகைக்கு அந்தாண்ட நின்னு அடிச்சேன்."

"எல்லாம் ராஜவாத்துதானா?"

"பின்ன? கோழியா?"

சாக்குக்குள் கையைவிட்டு அதை வெளியே எடுத்தேன். ஒட்டியிருந்த இறகை ஊதித் தள்ளிவிட்டு அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். கதவிடுக்கு வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த மாதம் சூரியன் மறைவதே இல்லை. அந்த வெளிச்சத்தில் வாத்தின் தலை துவைத்துப் போட்ட துணி மாதிரி வெளுத்துத் தெரிந்தது.

"இது என்னன்னு சொல்லு."

அண்ணன் சிரித்தார். "எனக்கே பரீட்சை வைக்கிறியா? பெட்டை. எளசு. ரெண்டு கொதியில வெந்துடும்."

ராஜவாத்தின் பெட்டைக்கு உச்சியிலிருந்து வால் வரை பழுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். நான் வாத்தை நீட்டியபடியே நின்றேன். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அவர் பார்வை என் கையில் இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது.

"கையில வாங்கிப் பாரு அண்ணே."

வாங்கினார். வாங்குமுன் அவர் கை ஒருதரம் காற்றைத் தொட்டது. முதலில் கனம் பார்த்தார். அதிலேயே முகம் மாறியது. பிறகு அலகின் மேல் விரலை ஓட்டினார்; ராஜவாத்துச் சேவலுக்கு அங்கே இருக்கும் புடைப்பு இல்லை. இறக்கையை விரித்து ஒவ்வொரு இறகாகத் தடவினார். கடைசியில் பிடரிக்குப் போனார். அந்தச் சின்னக் கொண்டை விரலில் தட்டியதும் கை நின்றுவிட்டது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த மனிதர். அவர் உதடு அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"எதைக் கேக்குற?"

"என்கிட்டயுமா?"

அவர் வாத்தை மடியில் வைத்து இறக்கையை ஒழுங்காக மடித்துவிட்டார். "நடுவுல மட்டும்தான். பனி மாதிரி ஒண்ணு குந்திக்கிட்டு நகரமாட்டேங்குது. ஓரத்துல தெரியுது. ஓரமாப் பார்த்தே வண்டி ஓட்டுறேன். போன வருஷம் கிறிஸ்துமஸ்லேருந்து."

சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை விமானத்தில் கண் டாக்டர் வருவார். இரண்டு தடவையும் அண்ணனுக்கு எங்காவது முக்கியமான வேலை வந்துவிடும். தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாடியதை நான் பக்தி என்று நினைத்தேன். தெருவில் நான் கை காட்டினால் கண்டுகொள்ளாமல் போனதைத் திமிர் என்று நினைத்தேன். என்னைப் போல மக்கு உலகத்தில் உண்டா? பிறகுதான் வசந்தகால வேட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"ஏப்ரல்ல திமிங்கிலம் எடுத்தியே அண்ணே."

"எடுத்தேன்."

"எப்படி?"

"வெஸ்லி பின்னாடி இருந்து 'இப்ப'ன்னான். எறிஞ்சேன்."

வெஸ்லி அவர் மகன். படகைச் செலுத்துகிறவன். அப்பாவுக்கு உற்சாகம் ஊட்டுவதாக நினைத்துச் சொல்லியிருப்பான், பாவம். எங்கள் எறியீட்டியில் வெடிகுண்டும் சேர்ந்தே இருக்கிறது. ஈட்டி தைத்ததும் குண்டு திமிங்கிலத்துக்குள் போய் வெடிக்கும். தைக்கவேண்டிய இடத்தில் தைக்காமல் எலும்பில் பட்டுத் திரும்பினால், அடிபட்ட திமிங்கிலம் வாலைத் தூக்கினால், அந்தப் படகில் இருந்த ஆறு பேரையும் பொறுக்கி எடுக்க எங்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. இவர் ஒரு வார்த்தையை நம்பி எறிந்திருக்கிறார். நான் அன்று கரையில் நின்று கத்திக் குதித்து எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"இதைப் புதைச்சுடலாமா?" என்றேன். அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிற வாய் அது. கேட்டபிறகுதான் வெட்கமாக இருந்தது.

"வாயை மூடு. அத்தனை பேர் முன்னால எந்திரிச்சுச் சொன்னவன் நான். என் துப்பாக்கியில விழுந்தா நான்தான் கொண்டுபோய் வைக்கணும். நாளைக்குக் காலைல உன் ஆபீசுல அந்த அதிகாரிப் பொண்ணு மேசைக்கு வர்றேன்."

எனக்கு மூச்சு வந்தது. "அதான் சரி அண்ணே. பனி, கண்ணு சரியில்ல, தவறிடுச்சுன்னு சொன்னா மெரிடித் புரிஞ்சுக்குவா. நல்ல பொண்ணு."

"கண்ணைப் பத்தி யார் சொல்லப்போறாங்க?" என்றார் அண்ணன். "தெரிஞ்சேதான் சுட்டேன்னு சொல்லுவேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவர் நிதானமாக, நாள்கணக்காக யோசித்துவைத்தது போலப் பேசினார். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில்தான் யோசித்திருக்க வேண்டும். சட்டத்து மேல கோவம், அதான் சுட்டேன், வேணும்னே சுட்டேன், என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்கங்க என்று சொல்லப்போகிறாராம். அபராதம் போடுவார்கள். துப்பாக்கியைப் பிடுங்குவார்கள். போகட்டும்.

"ஊருக்கே வேட்டையை மூடிடுவாங்க அண்ணே! தெரிஞ்சு சுட்டதுன்னா சும்மா விடுவாங்களா?"

"மூடட்டும். ரெண்டு வருஷம் திட்டுவானுங்க. அப்புறம் மன்னிச்சுடுவானுங்க. சட்டத்தை மீறினவனை இந்த ஊரு என்னிக்குத் தள்ளி வச்சிருக்கு? அப்பா வாத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கலையா?"

"அப்பா நம்ம பசிக்காக நின்னாரு. உண்மையைச் சொல்லிக்கிட்டு நின்னாரு. அவரை இதுல இழுக்காத."

"குருடனைப் படகு முனையில நிக்கவைப்பாங்களா ஐடா? சொல்லு. நிக்கவைப்பாங்களா?"

அவர் ஈட்டி முனையை மறுபடி எடுத்து ராவ ஆரம்பித்தார். வாத்து மடியிலேயே கிடந்தது.

"நாளைக்கு நீ அங்க இருப்ப. வாயைத் தொறக்கக் கூடாது. என் மேல சத்தியம்" என்றார்.

வெறும் சாக்கோடு திரும்பி வந்தபோது அண்ணி காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும், தலை நிமிராமல், "அந்தச் சின்னதை என்ன பண்ணுன?" என்றாள்.

அப்போதுதான் அந்த வீட்டை முதல்தரமாகப் பார்ப்பவள்போல் பார்த்தேன். நாற்காலிகள் நான்கும் மேசைக்குள் தள்ளிவைத்தபடி இருந்தன. வாசலில் வழக்கமாகத் தட்டுக்கெட்டுக் கிடக்கும் பூட்சுகள் சுவரோரம் ஒரே வரிசையில் இருந்தன. அடுப்பின் திருகு ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சிவப்பு நாடா. அண்ணனின் கோப்பை மேசையின் வலது மூலையில், பிடி வெளிப்பக்கம் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. பெர்த்தா அண்ணி சுத்தக்காரி என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"கூடப் படுக்குறவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்." ஒரு வாத்தை எடுத்து வயிற்று இறகைப் பிடுங்கினாள். "செப்டம்பர் வரைக்கும்தான் ஐடா. இன்னும் ஒரே ஒரு திமிங்கிலம் அவர் கையால. அப்புறம் நானே காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் டாக்டர் முன்னாடி உக்கார வைக்கிறேன்."

"வெஸ்லியும் அதே படகுலதானே அண்ணி?"

அண்ணியின் கை நின்றது. பிடுங்கிய இறகு விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "அதை நினைக்காம இருக்கத்தான் இவ்வளவு பேசுறேன்" என்றாள் கடைசியில். "நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. என்கிட்ட கேக்காத."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அண்ணன், பைக் மாதிரி கால் போட்டு ஏறும் தன் நாலுசக்கர வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். தேவாலயச் சட்டை. சவரம் செய்திருந்தார், தாடைக்கடியில் ஒரு கீற்று முடி தப்பியிருந்தது. ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையில் வாத்து. மெரிடித்தின் மேசையைச் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் வந்து நின்றார். ஆனால் பையை ஓரத்தில் வைத்துவிட்டார், அது சரிந்தது. நான் கையை நீட்டி உள்ளே தள்ளிவைத்தேன். அவள் கவனிக்கவில்லை. தெற்கிலிருந்து வந்து மூன்று கோடையாக எங்களோடு இருக்கும் பெண். தணல்வாத்தின் கூட்டைப் பார்க்க முட்டியளவு சேற்றில் நாள்முழுக்கக் கிடப்பாள். போன மாதம் நரி ஒரு கூட்டை அழித்தபோது இந்த மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

பையைத் திறந்து பார்த்தவள் உட்கார்ந்துவிட்டாள். "யாரு லூதர்?"

"நான்தான். நேத்துக் காலைல."

"தவறிப்போய்..."

"தவறலை. தெரிஞ்சுதான். பார்த்தேன், சுட்டேன். எங்களைக் கேக்காம எழுதின சட்டம். எத்தனை காலம் பொறுக்குறது?"

அவர் தலைக்கு மேலே சுவரில் அவரே பன்னிரண்டு வயது குறைந்து சிரித்துக்கொண்டிருந்தார். மெரிடித் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களைக் கேட்டுத்தானே எழுதினாங்க? நீங்கதானே உக்காந்து எழுதினீங்க?" என்றாள். கோபத்தைவிடக் குழப்பம்தான் அந்தக் குரலில் இருந்தது. "இந்த ஊர்ல எனக்கு முதல்ல பேச முடிஞ்சதே உங்ககிட்டதான் லூதர். பறக்குறப்போ எது எதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

அண்ணன் கன்னத்தில் ஒரு நரம்பு துடித்தது. "சொல்லிக் குடுத்தேன். அதனாலதான் சொல்றேன், தெரிஞ்சுதான் சுட்டேன்."

"தெரிஞ்சே சுட்டதுன்னா நான் இன்னிக்கே மேலே சொல்லியாகணும். அவங்க வேட்டையை மூடுறதைத் தவிர வேற வழி இருக்காது. இந்தக் கோடைக்கு மட்டுமான்னுகூட எனக்குத் தெரியல." இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். இறந்த பறவையைப் பற்றிய அறிக்கை. அதை எழுதுவது என் வேலை. என் பக்கமாகத் தள்ளினாள்.

தேதி எழுதினேன். இடம் எழுதினேன். பறவை எழுதினேன். சுட்டவர் பெயர் என்ற இடத்தில் என் அண்ணன் பெயரை எழுதினேன். என் அப்பா பெயரும் அதில் பாதி. அதற்குக் கீழே, எப்படி நடந்தது என்பதற்கு நான்கு வரி இடம் விட்டிருந்தது. பேனாவை அங்கே வைத்தேன். நகரவில்லை. சத்தியத்தைப் பற்றி நினைத்தேன். செப்டம்பரில் அலையில் ஏறி இறங்கும் படகைப் பற்றியும், பின்னாலிருந்து வெஸ்லி ஒரு நொடி பிந்திச் சொல்லப்போகும் ஒரு வார்த்தையைப் பற்றியும் நினைத்தேன். நவம்பரில் வாத்து இல்லாத வெறும் சூப்பைக் கரண்டியால் கிளறப்போகும் ஊரைப் பற்றி நினைத்ததாகச் சொன்னால் அது பொய். அந்த நேரத்தில் எனக்கு ஊர் ஞாபகமே வரவில்லை.

"எழுது" என்றார் அண்ணன்.

"அவருக்குக் கண்ணு தெரியல" என்றேன்.

மெரிடித் நிமிர்ந்தாள்.

"ஏழெட்டு மாசமா தெரியல. அந்த வாத்தை நேத்து நான் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். பெட்டைன்னாரு. துப்பாக்கியையே பிடிக்கக் கூடாத ஆளு, படகு முனையில நின்னு குண்டு எறியுறாரு. தெரிஞ்சு சுடல. அவர் வாழ்க்கையில தெரிஞ்சு ஒருநாளும் அதைச் சுட்டிருக்கமாட்டாரு."

அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். பொய் சொல்லுது கழுதை என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். மேசையைத் தொட்டபடியே திரும்பினார். வரும்போது போட்ட கணக்கையெல்லாம் விட்டுவிட்டார் போலிருந்தது. நாற்காலியில் இடித்துக்கொண்டார். சுவரை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே போய், கதவுக்கு இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் பிடியைத் தேடினார். இவ்வளவு மோசமா? நேற்று என்னிடம்கூடக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். எழுந்து ஓடினேன்.

"தொடாத" என்றார்.

மூன்றாவது தடவையில் பிடி கைக்குக் கிடைத்தது. கதவு அவருக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

மெரிடித் பையின் வாயைச் சுருட்டி மூடிவிட்டு, "பார்வைக் குறையால தவறுதலா நடந்ததுன்னு எழுதலாம்" என்றாள். "அதுக்கும் மேலே என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது ஐடா. மூடலாம். மூடாமலும் இருக்கலாம்." நான்கு வரியையும் எழுதினேன். அதில் எழுத்துப்பிழை இருந்திருக்கும். எழுதும்போதெல்லாம் வெளியே வண்டி கிளம்பும் சத்தத்துக்காக என் காது காத்துக்கொண்டிருந்தது. இந்தக் கோபத்தில், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, கடற்கரைப் பாதையில் போனால் என்னாவது? சத்தம் கேட்கவே இல்லை. படிவத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

குளிர்காற்று பனிக்கட்டி வாடையோடு வீசிக்கொண்டிருந்தது. வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. சாவி செருகியபடி இருந்தது. வண்டியின் முன்பக்கம் காலியாக இருந்தது. அண்ணன் பின்னால், பெண்களும் பிள்ளைகளும் உட்காரும் இடத்தில், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முழங்கால் இடிக்கிறது என்று அகட்டிவைக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தெருவில் போன இரண்டு பேர் அவரைப் பார்த்துக் கை காட்டினார்கள். அவர் பதிலுக்குக் கை காட்டவில்லை.

நான் முன்னால் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். மேடு பள்ளமான பாதை, அவர் என் தோளைப் பிடித்துக்கொள்வார் என்று கொஞ்சநேரம் அப்படியே காத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால், சாமான் கட்டும் கம்பியை அவர் இரண்டு கையாலும் தேடிப் பிடித்துக்கொள்வது கேட்டது.